500 ரூபாயோட பாரிஸ் கார்னர் சுத்துறது எப்படி: முதல் தடவ போறவங்களுக்கு

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யாராவது சென்னைக்கு வந்தா உடனே "தி.நகர் கூட்டிட்டு போ"ன்னு தான் கேக்குறாங்க. நான் பாரிஸ் கார்னருக்கு, அதான் நம்ம பாரிமுனைக்கு தான் கூட்டிட்டு போவேன். தி.நகர்ல ஏசிக்கும் லிஃப்டுக்கும் சேத்து நம்ம தலையில தான் பில்லு விழுது, பாரிஸ்ல அந்த தொல்லை இல்ல. ஆனா ஒன்னு, பாரிஸ்ல சும்மா போய் நின்னீங்கன்னா அரை மணி நேரத்துல தலை சுத்தி ஒரு கரும்பு ஜூஸ குடிச்சிட்டு திரும்பிடுவீங்க. அங்க கடை பேரு தெரிஞ்சிருக்க வேணாம், தெரு பேரு தெரிஞ்சா போதும். அத தான் இங்க சொல்லப் போறேன்.

ஸ்டெப் 1: என்னைக்கு, எத்தன மணிக்கு

ஞாயித்துக்கிழமை வேணாம், ஹோல்சேல் கடைங்க முக்காவாசி ஷட்டர் போட்டிருக்கும், பிளாட்ஃபார்ம் கடைங்க மட்டும் தான் ஓடும். தீபாவளிக்கு முன்னாடி ரெண்டு வாரமும் வேணாம், அது பழகினவங்களுக்கே கஷ்டம். செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள் காலைல பத்தரைக்கு போய் இறங்குங்க. ரொம்ப சீக்கிரம் போனாலும் வேஸ்ட்டு, அப்ப தான் கடைய தொறந்து சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு இருப்பாங்க, போணி ஆகாம பேரம் பேசினா முகம் சுளிப்பாங்க.

ஸ்டெப் 2: போய் சேர்றது

எக்மோர்ல இறங்குறவங்க வெளிய வந்து ஆட்டோ பிடிக்காதீங்க, தயவு செஞ்சு. அதே ஸ்டேஷன்லயே பீச் போற லோக்கல் ட்ரெயின் வரும், மினிமம் டிக்கெட் 5 ரூபா தான், பார்க், ஃபோர்ட் அடுத்தது பீச், அங்க இறங்கிக்கோங்க. சென்ட்ரல்ல இறங்கினா மெட்ரோல ஒரே ஸ்டாப், ஹைகோர்ட் ஸ்டேஷன், மேல ஏறி வந்தா பாரிஸ் தான். வண்டி எடுத்துட்டு வர்றேன்னு மட்டும் சொல்லாதீங்க, நிறுத்துறதுக்கு இடம் தேடியே பாதி நாள் போயிடும்.

பேரு ஏன் பாரிஸ்னு பசங்க கேப்பாங்க, சொல்லிடுங்க. 1788ல இங்க வந்து வியாபாரம் பண்ண ஆரம்பிச்ச தாமஸ் பாரிங்கிற வெள்ளைக்காரர் பேரு அது. அவர் கம்பெனி இருந்த முனை, அதான் பாரிமுனை. இப்ப அந்த முனைல நிக்கிற டேர் ஹவுஸ் 1940ல கட்டினது.

ஸ்டெப் 3: திசை தெரிஞ்சுக்குறது

மேப்ப பாத்துட்டே நடந்தா எவனாவது மூட்டையோட வந்து இடிச்சிட்டு போயிடுவான், அதனால ஈஸியா ஒன்னு சொல்றேன். ஹைகோர்ட் செவப்பு கட்டடம் தெரியும்ல, 1892ல கட்டினது, முனைல இருந்து என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல நடக்கும்போது அது இடது கை பக்கம் இருந்தா நீங்க மேற்க போறீங்கன்னு அர்த்தம், அதாவது சௌகார்பேட்டை பக்கம். வலது கை பக்கம் இருந்தா திரும்பி பீச் ஸ்டேஷன் பக்கம் வர்றீங்க. அந்த கட்டடத்து உச்சில தான் 1977 வரைக்கும் லைட்ஹவுஸ் எரிஞ்சிட்டு இருந்தது, கப்பலுக்கே வழி காட்டினது நமக்கு காட்டாதா.

ஸ்டெப் 4: பொருள முடிவு பண்ணிட்டு தெருவ பிடிங்க

இது தான் மெயின் மேட்டர். துணி வேணும்னா கோடவுன் தெரு, மெட்டீரியல், சுடிதார் செட்டு, புடவை எல்லாம் கட்டு கட்டா வெச்சிருப்பாங்க. கல்யாண பத்திரிகை, டைரி, பேப்பர்னா ஆண்டர்சன் தெரு, உள்ள நுழைஞ்சாலே புது பேப்பர் வாசனை அடிக்கும். பூவுக்கு பத்ரியன் தெரு. பொம்மை, இம்போர்ட்டட் சாக்லேட், பேகு இதுக்கெல்லாம் காசி செட்டி தெரு, பசங்கள கூட்டிட்டு போனீங்கன்னா 500 ரூபா பட்ஜெட்ட அங்கயே மறந்துடுங்க. கவரிங் நகை, ஃபேன்சி ஐட்டம்னா நாராயண முதலி தெரு. நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டி தெரு, அதே தெருவுல தான் கந்தகோட்டம் இருக்கு, வள்ளலார் பாடின முருகன். கோயில் மத்தியானம் நடை சாத்திடுவாங்க, அதனால கும்பிடணும்னா முதல்ல அங்க போயிட்டு அப்புறம் கடைக்கு போங்க.

எல்லா தெருவும் ஒரே நாள்ல பாக்கணும்னு ஆசப்படாதீங்க, ரெண்டு தெரு போதும்.

ஸ்டெப் 5: ரேட்டு கேக்குறது

இங்க தான் புதுசா வர்றவங்க மாட்டுறாங்க. கடைக்காரர் சொல்ற ரேட்டு ஒரு பீஸுக்கா, டஜனுக்கா, பாக்கெட்டுக்கான்னு கேக்காம வாய தொறக்கவே கூடாது. என் கதைய கேளுங்க. அக்கா பொண்ணுக்கு பட்டாம்பூச்சி கிளிப்பு வாங்கலாம்னு ஒரு மாடிக் கடைக்கு போனேன், சின்ன சின்ன கிளிப்பு, ஒரு அட்டைல 12. ரேட்டு 140ன்னாரு. ஒரு அட்டைக்கு இவ்வளவான்னு மனசுக்குள்ள கொதிச்சிட்டு "100க்கு குடுங்கண்ணே"ன்னு கெத்தா கேட்டேன். அவரு என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, "சரி தம்பி, 130 குடு"ன்னு சொல்லிட்டு 12 அட்டை இருக்குற பண்டல தூக்கி முன்னாடி வெச்சாரு. எனக்கு வேண்டியது ஒரு அட்டை தான், ஆனா இவ்வளவு நேரம் பேரம் பேசிட்டு வேணாம்னு சொல்ல வாய் வரல. 144 கிளிப்பு. எங்க தெருவுல அந்த வருஷம் எந்த பொண்ணு தலைய பாத்தாலும் பட்டாம்பூச்சி தான்.

அதனால உள்ள போனதும் முதல் கேள்வி "அண்ணே, ரீட்டெய்ல் குடுப்பீங்களா, மினிமம் எவ்வளவு எடுக்கணும்?" இத கேட்டாலே நீங்க விவரமான ஆளுன்னு புரிஞ்சிடும். சில கடைல ரீட்டெய்ல் கிடையாதுன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்வாங்க, கோச்சுக்காதீங்க, பக்கத்துக் கடைல குடுப்பாங்க. நாலு பேரா போனா இன்னும் நல்லது, ஒரு டஜன் எடுத்து ஆளுக்கு மூணுன்னு பிரிச்சிக்கலாம், ரேட்டும் ஹோல்சேல் ரேட்டு.

பேரம் உள்கடைல அவ்வளவா போகாது, பத்து இருபது குறைப்பாங்க. பிளாட்ஃபார்ம்ல தாராளமா பாதில இருந்து ஆரம்பிக்கலாம். ஆனா ஒரு அம்மா வெயில்ல உக்காந்து அஞ்சு ரூபா ஹேர்பேண்டு வித்துட்டு இருப்பாங்க, அங்க போய் ரெண்டு ரூபா குறைக்க நிக்காதீங்க, பாக்கவே நல்லா இருக்காது. எலக்ட்ரானிக்ஸ மட்டும் பிளாட்ஃபார்ம்ல வாங்காதீங்க, இயர்ஃபோன் ஒன்னு வாங்கி வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஒரு காது செத்துடுச்சு.

ஸ்டெப் 6: உடம்பையும் பர்ஸையும் பாத்துக்குறது

பேக முன்னாடி மாட்டிக்கோங்க. பத்து, இருபது, அம்பதுன்னு சில்லறையா ஒரு பாக்கெட்ல, மீதி உள்ள. ஜிபே எல்லா இடத்துலயும் ஓடும், ஆனா குறுகலான கடைக்குள்ள சிக்னல் சுத்திட்டே நிக்கும், பின்னாடி பத்து பேர் முறைப்பாங்க. பின்னாடி இருந்து "ஓரம் ஓரம்"னு சத்தம் கேட்டா திரும்பி பாக்காதீங்க, முதல்ல ஒதுங்குங்க, அப்புறம் பாருங்க. மீன்பாடி வண்டில, அதான் மூணு சக்கர சுமை வண்டில, ஆள் உயரத்துக்கு பெட்டி அடுக்கி வருவாங்க, அவங்களுக்கு பிரேக் பிடிக்கிறது லேசு இல்ல. லேடீஸோட போனா கிளம்புற இடத்துலயே பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க, தெருவுக்குள்ள தேடுறது ரொம்ப கஷ்டம்.

ஸ்டெப் 7: சாப்பாடு

ரெண்டு வழி இருக்கு. மேற்க சௌகார்பேட்டை வரைக்கும் நடந்துட்டீங்கன்னா தங்கசாலைத் தெரு, எல்லாரும் மிண்ட் தெருன்னு தான் சொல்வாங்க. அங்க முறுக்கு சாண்ட்விச் சாப்பிடுங்க, ரெண்டு முறுக்குக்கு நடுவுல தக்காளி, வெள்ளரிக்கா, சட்னி வெச்சு குடுப்பாங்க, கேக்க கேவலமா இருக்கும், சாப்பிட்டா விட மாட்டீங்க. காக்கடா ராம்பிரசாத்ல சுடச்சுட ஜிலேபி, பாதாம் பால்.

இன்னொன்னு தான் என்னோட ரூட்டு. சாயங்காலம் திரும்பி பீச் ஸ்டேஷன் பக்கம் வந்துடுவேன். ஸ்டேஷனுக்கு எதிர்ல பர்மா பஜார், 60கள்ல பர்மால இருந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்த நம்ம ஆளுங்க போட்ட கடைங்க. அதுக்கு பின்னாடி செகண்ட் லைன் பீச்ல வண்டிக் கடைல அத்தோ கிடைக்கும், பர்மாக்காரங்க நூடுல்ஸ் அது. நூடுல்ஸ கையாலயே அள்ளி போட்டு, முட்டகோஸ், வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, மிளகாத்தூள், மேல மொறுமொறுன்னு பொரிச்ச பேஜோவ நொறுக்கி தூவி ஒரு பெசை பெசைஞ்சு குடுப்பாங்க. நான் கடைசியா போனப்போ பிளேட்டு 70 ரூபா. கூட ஒரு முட்டை மசாலா வாங்கிக்கோங்க, அவிச்ச முட்டைய கீறி உள்ள வறுத்த வெங்காயம் வெச்சது. காரம் கம்மியா வேணும்னா பெசையிறதுக்கு முன்னாடியே சொல்லிடணும். வாழைத்தண்டு சூப்பு தனியா ஒரு கிண்ணத்துல வரும், தீந்துடுச்சுன்னா கிண்ணத்த நீட்டினா போதும், திரும்ப ஊத்துவாங்க.

ஆறு மணிக்கு மேல ஆபீஸ் கூட்டம் ஏறும், ஆனா பீச்ல இருந்து தான் ட்ரெயினே கிளம்புது, அதனால ஒரு வண்டிய விட்டுட்டு அடுத்ததுல ஏறுங்க, ஜன்னல் சீட்டு கிடைக்கும், மூட்டைய காலுக்கு அடில தள்ளிக்கலாம்.