உறைபனி இரவில் தெருப் பூனைக்குட்டியைப் பிடிப்பவர்கள் செய்யும் தவறுகள்

நீலகிரியில் நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனியாக முற்றுகிறது. தலைகுந்தா, காந்தல், அவலாஞ்சி போன்ற பள்ளமான பகுதிகளில், விடியலுக்குச் சற்று முன்பு வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும் நாள்களும் அதற்குக் கீழே இறங்கும் நாள்களும் உண்டு. வானம் தெளிந்து, காற்றும் ஓய்ந்த இரவுகளே மிக மோசமானவை; குளிர்ந்த காற்று கனம் கூடிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். வீட்டுப் பின்புறத்து வெந்நீர் அடுப்பு, பேக்கரியின் பின்சுவர், சற்று முன் ஓடி நின்ற ஜீப்பின் எஞ்சின் என்று எங்கே கொஞ்சம் சூடு மிச்சமிருக்கிறதோ அங்கே தெருப் பூனைக்குட்டிகள் ஒண்டிக்கொள்வதும், அவை கத்துவதைக் கேட்டு மனம் பொறுக்காமல் யாராவது டார்ச்சோடு கிளம்புவதும் இந்த மாதங்களில்தான். அப்படிப் புதிதாகக் கிளம்புகிறவர்கள், இந்த வேலையில் பழகிய நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகளையே ஒன்று விடாமல் செய்வதை ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருப்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது. துரத்தக் கூடாது, கூச்சலிடக் கூடாது, வளர்ப்பு நாயை உடன் அழைத்து வரக் கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாயைத் தேடாமல் தூக்குவது

தனியாகக் கத்தும் குட்டியெல்லாம் தாயற்ற குட்டி அல்ல. இரை தேடப் போன தாய்ப்பூனை சில மணி நேரம் திரும்பாமல் இருப்பதும், பழைய இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய் வேறிடத்தில் வைப்பதும் இயல்பு. அந்த இடைவேளையில் போய் நின்றுகொண்டு, ‘தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது’ என்று முடிவு கட்டுகிறார்கள். உடம்பு சுத்தமாகவும் வயிறு நிரம்பியும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு உறங்கும் குட்டிகளுக்குப் பெரும்பாலும் தாய் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் குட்டிகளைச் சுற்றித் தரையில் மாவை மெல்லிய வட்டமாகத் தூவிவிட்டு, தொலைவில் போய் நில்லுங்கள். தாய் வந்து போனால் மாவில் தடம் விழுந்திருக்கும்.

ஆனால் உறைபனி இரவில் இந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. ஏறக்குறைய நான்கு வாரம் வரை குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. கண் திறக்காத குட்டி பிறந்து இரண்டு வாரத்துக்கு உட்பட்டது. கண் திறந்தும் காது மடல் முழுதாக நிமிராதது மூன்று வாரத்துக்கு உட்பட்டது. அத்தகைய குட்டியின் காதும் பாதமும் சில்லிட்டு, ஈறு வெளுத்திருந்தால் மாவையும் வட்டத்தையும் மறந்துவிட்டு உடனே எடுத்துவிட வேண்டும். நடுங்கிக் கத்தும் குட்டியைவிட, நடுக்கமும் கத்தலும் நின்று துவண்டு கிடக்கும் குட்டிதான் பெரிய ஆபத்தில் இருக்கிறது. ‘சத்தம் ஓய்ந்தது, தூங்கிவிட்டது போலிருக்கிறது’ என்று ஆறுதல் அடைந்து வீட்டுக்குள் போனவர்கள் உண்டு.

தேயிலைத் தோட்டத்துப் புள்ளிக் குட்டி

நெற்றியில் மேல்நோக்கி ஓடும் வெண்கோடுகளும், உடலெங்கும் கரும்புள்ளிகளும், காதின் பின்புறத்தில் வெள்ளைப் பொட்டும் கண்டால் அது சிறுத்தைப் பூனையின் குட்டியாக இருக்கலாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் விலங்கு அது. தொடாமல் விலகி வந்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். எந்தக் குட்டிக்காகவும் இரவில் தனியாகத் தேயிலைச் செடிகளுக்குள் இறங்காதீர்கள். காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் நடமாடும் மலை இது.

பெரிய பூனையின் கூண்டைச் சிறு குட்டிக்கு அப்படியே வைப்பது

மிதித்தால் கதவு விழும் கூண்டுகள் வளர்ந்த பூனையின் எடைக்காகச் செய்யப்பட்டவை. ஆறு வாரக் குட்டியின் எடை முக்கால் கிலோவைத் தாண்டாது. அது உள்ளே போய், மிதிதகட்டின் மேலேயே நின்று, வைத்த மீனைத் தின்று முடித்து, மீசையை நக்கிக்கொண்டே வெளியே வந்துவிடும், கதவு அசையாது. ஆகவே மிதிதகட்டை நம்பாமல், கதவைத் தூக்கி அதன் அடியில் ஒரு தண்ணீர் பாட்டிலை முட்டுக் கொடுத்து, பாட்டிலின் கழுத்தில் நீளக் கயிறு கட்டி, மறைவில் அமர்ந்து நீங்களே இழுக்க வேண்டும். வால் நுனியும் உள்ளே போன பிறகே இழுக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கூண்டின் அடிக்கம்பியைக் குளிரில் மிதித்தால் குட்டி காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். ஒட்டாமல் விட்டால் காற்றில் படபடத்து, அந்தச் சத்தமே அதை விரட்டிவிடும். குளிரில் வாசனையும் எழும்பாது என்பதால் மத்தியையோ வறுத்த நெத்திலிக் கருவாட்டையோ சூடாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். கூண்டுக்குள் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வேண்டாம். அகப்பட்ட குட்டி முதலில் கவிழ்ப்பது அதைத்தான், நனைந்த குட்டி காய்ந்த குட்டியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டை இழக்கும்.

கூண்டை வைத்துவிட்டு உறங்கப் போவது

செய்யாதீர்கள். நான்கு பக்கமும் திறந்த இரும்புக் கம்பிக்குள் விடியும் வரை கிடக்கும் குட்டியைக் காலையில் உயிரோடு காண்பது நிச்சயமில்லை.

பிடித்த குட்டியை வெளியிலேயே திறந்து பார்ப்பது

இத்தனை ஆண்டுகளில் எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் தவறு இது ஒன்றுதான். மற்றவை தெரியாமையால் நேர்பவை. இது, எல்லாம் சரியாக நடந்து முடிந்த பிறகு, இரக்கத்தின் பேரால் செய்யப்படுவது.

கதவு விழுந்தவுடன் குட்டி கம்பிகளில் மோதும், சீறும், பின்பு ஒரு மூலையில் ஒடுங்கி உடம்பெல்லாம் நடுங்கும். பார்ப்பவருக்கு அது குளிரில் நடுங்குவதாகவே தோன்றும். ஒரு துண்டை உள்ளே போட்டுவிடலாம், காலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம், கையில் எடுத்து அணைத்துக்கொண்டால் பயம் தெளிந்துவிடும் என்று ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு கதவை நான்கு விரல் அளவு தூக்குவார்கள். தலை நுழையும் சந்தில் பூனைக்குட்டியின் உடம்பு முழுவதும் நுழைந்துவிடும் என்பது அப்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

உதகையில் சரிவில் கட்டிய ஒரு குடியிருப்பின் பின்னால், தடுப்புச் சுவரில் மழைநீர் வடிவதற்கு விட்டிருந்த குழாய்த் துளைக்குள் ஒரு செவலைக் குட்டி இருந்தது. மூக்கின் மேல் சேறு காய்ந்து வெடித்திருந்தது. முன்னங்காலை வெளியே நீட்டி, பனியில் ஊறிய புல்லைத் தொட்டதும் உதறிவிட்டு உள்ளே இழுத்துக்கொள்ளும், மறுபடியும் நீட்டும். அந்த வீட்டுக் கல்லூரி மாணவி நெத்திலி வறுத்துக் கொண்டுவந்து, கயிற்றைப் பிடித்தபடி, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, நாங்கள் சொன்னதையெல்லாம் அச்சுப் பிசகாமல் செய்தாள். குட்டி உள்ளே போனது, கதவும் விழுந்தது. போர்வையை எடுத்து வருவதற்குள் அவளுடைய அத்தை கூண்டருகே குனிந்துவிட்டார். “ஒரு தடவை முகத்தை மட்டும் பார்த்துக்கிறேன், எப்படி நடுங்குது பாருங்க பாவம்” என்று அவர் சொல்லி முடிப்பதற்கும், செவலை நிறம் ஒன்று அவர் புடவை ஓரத்தை உரசிக்கொண்டு சுவரடிக்குப் பாய்வதற்கும் இடையில் நேரமே இல்லை. அந்தப் பெண் கயிற்றை இன்னும் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

இதில் இழப்பது ஓர் இரவை மட்டும் என்றால் பரவாயில்லை. ஒரு முறை கூண்டில் அகப்பட்டுத் தப்பிய குட்டி, கூண்டின் வடிவத்தையே அறிந்துகொண்டு ஒதுங்கும். வாசல் வரை வந்து, கழுத்தை நீட்டி எட்டுகிற மீனை மட்டும் கவ்விக்கொண்டு ஓடும். பதுங்குமிடமும் மாறிவிடும், அல்லது அதே துளையில் கை எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அந்தச் செவலைக்கும் அதுதான் நடந்தது. கூண்டைக் கைவிட்டு, துணி போடும் பெரிய பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துக் குச்சியில் நிறுத்தி, அதனடியில் தினமும் ஒரே நேரத்தில் தீனி வைத்துப் பழக்கி, ஒரு வழியாகப் பிடித்தபோது சளி முற்றி, ஒரு கண் பீளை கட்டி ஒட்டிப்போயிருந்தது. முதல் இரவே போர்வை விழுந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் அந்த அலைச்சல் இருந்திருக்காது.

எனவே கயிற்றை இழுப்பதற்கு முன்பே போர்வை உங்கள் தோளில் இருக்க வேண்டும். கதவு விழுந்ததும் கூண்டின் எல்லாப் பக்கமும் மறையும்படி அதைப் போர்த்துங்கள். இருட்டு வந்தவுடன் மோதல் அடங்குவதை நீங்களே கேட்கலாம். போர்வையே குளிரையும் தடுக்கும் என்பதால் உள்ளே எதையும் போட வேண்டிய தேவை இல்லை. கூடையால் பிடித்தால் கூடையைத் தூக்காமல், கெட்டியான அட்டையை அடியில் மெல்ல நுழைத்து, அட்டையோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுங்கள். துண்டைப் போட்டுக் கையால் பிடித்தால், துண்டோடு சேர்த்தே மூடியுள்ள பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். மார்போடு அணைத்து நான்கு படி ஏறுவதற்குள் நழுவவிட்டவர்கள் ஏராளம். பிறகு சன்னல் அடைத்த, மேசை அலமாரி எதுவும் இல்லாத ஒரு சிறிய அறைக்கு, பெரும்பாலும் குளியலறைக்கு, கூண்டை ஆட்டாமல் கொண்டுபோய், அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் கூண்டுக் கதவைத் திறக்க வேண்டும். படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே விதிதான். குளியலறைத் தரை குளிரும் என்பதால் அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, சாக்கு விரித்து, ஒளிந்துகொள்ள ஓர் இடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். கொஞ்சுவதெல்லாம் மறுநாள்.

பானெட்டைத் தட்டாமல் வண்டியை எடுப்பது

தட்டுங்கள், ஹாரனும் அடியுங்கள், பிறகு திறந்து பாருங்கள்.

குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் புகட்டுவது

உடம்பு சில்லிட்ட குட்டியின் குடல் சரியாக இயங்காது. அப்போது புகட்டும் பால் செரிக்காமல் வயிற்றில் தேங்கும். விழுங்கும் திறனும் குறைந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடவும் கூடும். முதலில் சூடு, பிறகுதான் உணவு. அரிசியை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்தோ, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றியோ பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் மறுபாதிக்கு நகர அதற்கு வழி வேண்டும், நகர முடியாத அளவு துவண்டிருந்தால் நீங்கள் அருகிலிருந்து கவனிக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் மட்டுமே போதும். அவசரப்பட்டுச் சூடேற்றாமல், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவதே நல்லது. துவண்டிருக்கும் குட்டியின் ஈறில் ஒரு துளி சர்க்கரைத் தண்ணீரைத் தடவலாம். வாயில் ஊற்றக் கூடாது.

சூடேறிய பின்பும் பசும்பால் வேண்டாம். அது வயிற்றுப்போக்கைக் கொடுக்கும், சிறு குட்டியிடம் வயிற்றுப்போக்கில் இழக்கத் தண்ணீர் இருப்பதில்லை. குட்டிகளுக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, குழந்தையைப் போல் மல்லாத்திப் பிடிக்காமல், குப்புற இருக்கும் நிலையில் கொடுக்க வேண்டும்.

கரி அடுப்பு

மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டினால் கார்பன் மோனாக்சைடு குட்டியையும் கொல்லும், உங்களையும் கொல்லும்.

குளிப்பாட்டுவது

வேண்டவே வேண்டாம். தெள்ளுக்காக நாய்ப் பவுடரையோ மருந்தையோ போடுவதும் அப்படியே. நாய்க்கான மருந்துகள் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு விஷம்.

கடியைச் சிறு கீறல் என்று விட்டுவிடுவது

தோட்ட வேலைக்குப் போடும் கையுறை பூனைப் பல்லைத் தடுக்காது. தடிமனான தோல் கையுறை பல்லைத் தடுத்தாலும், எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறோம் என்ற உணர்வை மறைத்துவிடும். ஆகவே இந்த வேலை செய்பவர் என்றாவது கடிபடுவார். கடித்தது உள்ளங்கை அளவு குட்டியாயிற்றே என்று மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருப்பதுதான் தவறு. வெறிநோய் பூனையிடமிருந்தும் வரும். அறிகுறி தோன்றிய பிறகு அநேகமாக யாரும் பிழைப்பதில்லை. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கட்டுப் போடாதீர்கள், அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில், முதல் ஊசி போடும் நாளை 0 என்று கொண்டு, 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி. ஆழமான கடிக்கு அதனுடன் இம்யூனோகுளோபுலின் என்ற நோய் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவைப்படும் என்பதால், இரத்தம் வந்ததா என்று மருத்துவர் கேட்கும்போது மழுப்பாமல் சொல்ல வேண்டும். குட்டி நலமாகத்தான் இருக்கிறது என்று நீங்களாகவே பாதியில் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்; நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.