தோட்ட டிராக்டருக்கு வீட்டிலேயே புது டயர் மாட்டும் முறை

புது டயர் வாங்கும் முன் பழைய டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவைப் பாருங்கள். 15x6.00-6 என்றிருந்தால் டயரின் உயரம் 15 அங்குலம், அகலம் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 6 அங்குலம். அந்தக் கடைசி எண் சிறிதும் மாறக்கூடாது.

சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிராக்டரை ஜாக்கியால் தூக்கியபின் அதன் எடையை உறுதியான மரக்கட்டைகளின் மேல் இறக்குங்கள். பல டிராக்டர்களில் அச்சின் முனையில் உள்ள லாக் வளையமே சக்கரத்தைப் பிடித்திருக்கும். பின்சக்கரத்தில் அச்சுக்கும் ரிம்முக்கும் இடையே சிறு இரும்புத் துண்டு ஒன்று செருகியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். அது இல்லாவிட்டால் அச்சு மட்டும் சுழலும், சக்கரம் நகராது.

வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றிக் காற்றை முழுவதும் விட்டபின், ரிம்மை ஒட்டிப் பலகை வைத்து அழுத்தி, ஒட்டிக்கிடக்கும் டயரின் விளிம்பை இருபுறமும் விடுவியுங்கள்.

இனி வருவதுதான் வேலையின் உயிர்நாடி. டயர் விளிம்புக்குள் எஃகுக் கம்பி ஓடுவதால் அது நீளாது. எனவே ஒரு பக்கம் ரிம்மைத் தாண்டி வர, எதிர்ப்பக்கம் ரிம்மின் நடுவே உள்ள பள்ளத்தில் இறங்கி இடம் கொடுத்தாக வேண்டும். பள்ளம் ரிம்மின் எந்த ஓரத்துக்கு அருகில் இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே கழற்றவும் மாட்டவும் வேண்டும். எதிர்ப்பக்கத்தை முழங்காலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டு, லிவரால் இரண்டு மூன்று அங்குலமாக நெம்பிக்கொண்டே போனால் டயர் வழிக்கு வரும். லிவர் இறுகி நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். முழங்காலுக்கு அடியில் விளிம்பு பள்ளத்தை விட்டு மேலேறியிருக்கும்.

ரிம்மில் விளிம்பு உட்காரும் இடத்துத் துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுங்கள். காற்றுக் கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. ரப்பர் வால்வையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. புது டயரின் இரு விளிம்புகளிலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாகப் பூசி, அம்புக்குறி முன்னோக்கிச் சுழலும் திசையைக் காட்டும்படி வைத்து, ஒவ்வொரு விளிம்பாக ஏற்றுங்கள்.

காற்றடிக்கும்போது விளிம்பு ரிம்மோடு சேராமல் காற்று வெளியேறினால், டயரின் நடுச்சுற்றில் இறுக்கும் பட்டையைக் கட்டி முடுக்குங்கள். பக்கங்கள் விரிந்து காற்றைப் பிடித்தவுடன் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். சக்கரத்தின் மேல் குனியாமல் விலகி நின்று, டயரில் குறித்துள்ள உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் அடியுங்கள். எரியும் வாயுவைப் பற்றவைத்து டயரை உட்காரவைக்கும் முறையை ஒருபோதும் முயலாதீர்கள். அது உயிரைப் பறிக்கும். இருபுறமும் 'டப்' என்ற ஓசை கேட்டபின், ரிம்மை ஒட்டி டயரில் தெரியும் மெல்லிய வளையக்கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்தில் அது உள்வாங்கியிருந்தால் காற்றை இறக்கி, அங்கே சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி அடியுங்கள். பிறகு ஊசியைப் பொருத்தி, டிராக்டரின் கையேடு சொல்லும் அழுத்தத்தை இடவலச் சக்கரங்களில் சமமாக வையுங்கள்.