கடத்தப்பட்டவர் வேற்றுக்கோளில் கண் விழிக்கும் கதையை எழுதுவது எப்படி?

இத்தகைய கதைக்கு முதலில் தேவைப்படுவது ஒரு கோள். செவ்வாயில் நகரங்களையும் கால்வாய்களையும் வைத்து எழுதும் வழக்கத்தின் நம்பகத்தன்மை, 1965இல் மரைனர் 4 விண்கலம் அனுப்பிய படங்களோடு போய்விட்டது. எனவே சூரியக் குடும்பத்துக்கு வெளியே செல்வதே நல்லது. கும்ப விண்மீன் கூட்டத்தில், சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் ட்ராப்பிஸ்ட்-1 என்னும் சிறிய சிவப்பு விண்மீனை ஏறத்தாழப் பூமியளவுள்ள ஏழு கோள்கள் சுற்றுவதாக 2017இல் அறிவித்தார்கள். அவற்றுள் உள்ளிருந்து நான்காவதைப் பரிந்துரைக்கிறேன். அங்கே சுவாசிக்கத்தக்க காற்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளும் உரிமை கதாசிரியருக்கு உண்டு.

கோளைப் பற்றி எழுதுபவர் அனைத்தையும் அறிந்திருக்க வேண்டும். கடத்தப்பட்டவரோ எதையும் அறிந்திருக்கக் கூடாது. மயக்க நிலையில் கொண்டுவரப்பட்ட ஒருவர் கண் விழித்தவுடன் கோளின் பெயரையும் தொலைவையும் ஒப்பித்தால் கதை அங்கேயே படுத்துவிடும். அவருடைய உடலே அவருக்குச் செய்தி சொல்லட்டும். ஈர்ப்பு பூமியில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம் என்பதால் எடுத்து வைக்கும் அடி நினைத்ததைவிடச் சற்றுத் தள்ளி விழும். வானில் தெரியும் விண்மீன் நம் சூரியனைப் போல நான்கு மடங்கு அகலமாக இருந்தாலும், அதன் ஆற்றலில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக வருவதால், முகத்தில் சூடு தெரியும் அளவுக்குக் கண்ணுக்கு வெளிச்சம் கிடைக்காது.

அந்தக் கோள் எப்போதும் ஒரே முகத்தையே விண்மீனுக்குக் காட்டுவதாக இருக்க வாய்ப்பு மிகுதி. அப்படியானால் கைதி எவ்வளவு காத்திருந்தாலும் பொழுது சாயாது. கைக்கடிகாரத்தையும் பறித்துக்கொண்டால் அவர் நாளை எப்படி எண்ணுவார்? பகலும் இருளும் சந்திக்கும் விளிம்பில் அவரை நிறுத்துங்கள். ஏறத்தாழ 18 பூமி நாள்களுக்கு ஒருமுறை, இருண்ட பக்கத்து அடிவானில், ஐந்தாவது கோள் நம் நிலவளவுக்கு முழு வட்டமாகத் தெரியும். அதன் வருகையைச் சுவரில் கோடிட்டு வைப்பது அவருடைய முதல் நாள்காட்டியாகலாம்.

பயணக் காலத்தையும் மறக்கக் கூடாது. ஒளியின் வேகத்தை நெருங்கிச் சென்றிருந்தாலும் பூமியில் 40 ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருக்கும். ஆகையால் மீட்புப் பணத்துக்காகக் கடத்தினார்கள் என்று எழுதுவது அபத்தம். பணம் கொடுக்க வேண்டியவர்களே அதற்குள் உயிருடன் இல்லாமல் போயிருக்கலாம். அங்கேயே பயன்படும் காரணம் ஒன்று கடத்தியவர்களுக்கு இருக்க வேண்டும்: கைதியை அந்தக் கோளில் வாழும் அந்நியர்களிடம் பண்டமாகக் கொடுப்பது, அல்லது ஆபத்தான முதல் சந்திப்புக்கு அவரை முன்னே தள்ளுவது.

சந்திப்பில்தான் பெரும்பாலான கதைகள் அவசரப்படுகின்றன. அந்நியர்களுக்கு மனிதர் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். தன்னைக் கடத்தியவர்களுக்குத் தான் கூட்டாளி அல்ல என்பதை மொழியில்லாமல் உணர்த்துவதே கைதியின் முதல் வேலை. மணிக்கட்டில் பதிந்த கயிற்றுத் தழும்பைக் காட்டலாம். கட்டுவது என்ற செயலே அவர்களிடம் இல்லையென்றால் அதுவும் பயன்படாது. மொழியியலாளர் கென்னத் பைக், பொதுமொழி ஏதுமின்றி, இலை, குச்சி போன்ற பொருள்களைக் காட்டியே அறியாத மொழியொன்றைப் பேசுபவரிடமிருந்து அம்மொழியைக் கற்றுக் காட்டி வந்தார். அந்த முறையைப் பின்பற்றி, முதலில் பொருள்களையும், பிறகு கொடுப்பது, விழுவது, உடைவது போன்ற செயல்களையும் கொண்டு உரையாடலை வளர்க்கலாம். ‘ஏன் என்னைக் கொண்டுவந்தார்கள்?’ என்ற கேள்வியைக் கேட்கும் அளவுக்கு மொழி கூடிவருவதற்கு ஐந்தாவது கோள் பல முறையேனும் முழுவட்டமாக வந்து போயிருக்க வேண்டும்.