புதுக் குதிரை வாங்கியவர்கள் முதல் மாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் குதிரை வளர்க்கும் ஆசை இப்போது இளைஞர்களிடம் பரவிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கானாடுகாத்தான் சாலையில் குளம்புச் சத்தம் கேட்கும்போது எனக்கு மனது நிறைந்துவிடும். ஆனால் வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத குதிரையைக் கையில் பிடித்துக்கொண்டு, “அண்ணே, இது சரிப்பட்டு வராது போல, தள்ளிவிட்டுடலாமா?” என்று வந்து நிற்பவர்களும் கூடிவிட்டார்கள். பழகும் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் இவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள்.

குதிரையின் பின்னால் போய் நிற்காதே, செருப்போடு ஏறாதே, தலைக்கவசம் போடு என்பதெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சேணம் பூட்டி நிற்கும் குதிரையைப் பார்த்து விலை பேசுவது

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனாலும் சரி, வியாபாரியின் லாயத்துக்கே போனாலும் சரி, நீங்கள் போவதற்குள் குதிரை குளித்து, சேணம் ஏறி, கடிவாளம் மாட்டித் தயாராக நிற்கும். வியாபாரி ஏறி ரெண்டு சுற்று ஓட்டிக் காட்டுவார். நம் பையன்கள் அதிலேயே மயங்கிவிடுவார்கள்.

சேணத்தைக் கழற்றச் சொல்லுங்கள். குதிரையை அவிழ்த்து விட்டுவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். கடிவாளம் மாட்டும்போது தலையைத் தூக்கிக்கொள்கிறதா, முதுகில் சேணம் இறங்கும்போது உடம்பு கூசுகிறதா, வயிற்று வாரை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வருகிறதா என்று பாருங்கள். ஓடும்போது தெரியாத விஷயங்கள் இந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு நிறுத்தும் ஆட்களும் உண்டு. அதனால் இன்னொரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்ப்பது நல்லது.

அப்புறம், பழைய சொந்தக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். என்ன தீனி, எத்தனை வேளை, எந்தச் சத்தத்துக்கு நகரும், எதற்கு நிற்கும், கடைசியாக லாடம் அடித்தது எப்போது, டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா, ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய்க்கும், மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோய்க்கும் ரத்தம் சோதித்தார்களா. வாயில் இருக்கும் கடிவாளத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் அதே வகைதான் மாட்ட வேண்டும்.

சுழி மட்டும் பார்ப்பது

சுழி பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அதே அளவு நேரம் நாலு குளம்பையும் தூக்கிப் பார்க்கவும் செலவிடுங்கள்.

வந்த அன்றே வயிறு நிறையக் கொள்ளு வைப்பது

ராத்திரி முழுக்க லாரியில் நின்று வந்த குதிரைக்குப் பாசத்தில் ஒரு வாளி கொள்ளை அவித்து வைத்துவிடுவார்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உடம்பின் அளவுக்கு அதன் இரைப்பை ரொம்பச் சின்னது. தீனி திடீரென்று மாறினால் குடல் தாங்காமல் வயிற்று வலி வந்து உருளும். பல குதிரைகள் அதிலேயே செத்தும் போகும். முதலில் தண்ணீர், அப்புறம் புல். பழைய இடத்துத் தீனியில் ஒரு மூட்டை கேட்டு வாங்கி வந்து, ஏழெட்டு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீனிக்கு மாற்றுங்கள்.

லாயத்தில் ஏற்கெனவே குதிரைகள் இருந்தால், புதிதாக வந்ததை ரெண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி, வாளியையும் தனியாக வையுங்கள். அந்த நாட்களில் உடல் வெப்பத்தைக் காலையும் மாலையும் பார்த்து எழுதி வையுங்கள். 99.5 முதல் 101.3 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கலாம். சும்மா நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. தாடை எலும்பின் உள்பக்கம் விரல் வைத்தால் துடிப்பு கிடைக்கும். நல்லா இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்து வைத்திருந்தால்தான், உடம்பு கெடும்போது டாக்டரிடம் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கும்.

இறக்கிய மறுநாளே ஏறுவது

முதல் வாரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். லாயத்தைச் சுற்றி, அப்புறம் தெருவில், அப்புறம் கண்மாய்க் கரை வரைக்கும்.

நம் ஊர்த் தெருக்களில் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு பக்கமும் செட்டியார் வீட்டு மதில்கள் உயர்ந்து நிற்கும். ஆளில்லாத தெருவில் குதிரையின் குளம்புச் சத்தம் சுவரில் பட்டு அதற்கே திரும்பி வரும். வேறொரு குதிரை பின்னால் வருகிறது என்று நினைத்து நின்றுவிடும், அல்லது பாயும். முகப்புத் திண்ணையில் இருந்து ஓர் ஆச்சி எழுந்து நின்றாலே ஒதுங்கும். ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்பதைப் பார்த்து மூக்கை விடைத்துக்கொண்டு ஓர் அடிகூட எடுத்து வைக்க மறுத்த குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் நீங்கள் தரையில் நிற்கும்போதே அது பார்த்துவிட வேண்டும். போகும்போது பார்த்துப் பழகிய பொருளையே திரும்பி வரும்போது புதிதாகப் பார்த்து மிரளும். போகவும் வரவும் காட்டுங்கள். நிற்கிறதா, நிற்கட்டும். பார்த்து முடித்துத் தலையைத் தாழ்த்திப் பெருமூச்சு விட்ட பிறகு நகருங்கள்.

பழைய சேணத்தைப் புதுக் குதிரைக்குப் போட்டுவிட்டு, அது திமிர் பிடித்தது என்று முடிவு கட்டுவது

மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். இது ஒன்றுதான் இன்னமும் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன். நல்ல பையன், குதிரை மேல் உயிரையே வைத்திருப்பவன். அவனிடம் முதலில் அகன்ற முதுகுள்ள நாட்டுக் குதிரை ஒன்று இருந்தது. அதைக் கொடுத்துவிட்டு, ராஜஸ்தான் இனமான மார்வாரியில் ஒரு பெட்டையை வாங்கி வந்தான். ஒடிசலான உடம்பு, பிடரி முடிகிற இடத்தில் தோள்மேடு எழும்பித் தெரியும். பழைய குதிரையின் சேணம் வீட்டில் இருந்ததால் அதையே தூக்கிப் போட்டான். முதல் சில நாள் ஒன்றும் இல்லை. அப்புறம் வயிற்று வாரை எடுத்தாலே காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டது. அடுத்து, ஏறும்போது நகர்ந்தது. அடுத்து, டிராட் என்ற மெல்லோட்டம் போகும்போது முதுகை வளைத்துத் துள்ளியது. ஒரு நாள் அவனைச் செம்மண் சாலையில் தூக்கிப் போட்டது.

சுற்றி இருந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சுழி சரியில்லை என்றார் ஒருவர். பெட்டைக் குதிரை அப்படித்தான் என்றார் இன்னொருவர். கொழுப்பு அடங்க முள் கடிவாளம் போடு என்றார் மூன்றாமவர். அவன் அதைத்தான் கேட்டான். நான் போய்ப் பார்த்தபோது நாக்கின் ஓரம் கிழிந்து, எச்சிலில் ரத்தம் கலந்து ஒழுகிக்கொண்டிருந்தது. முள் வைத்த கடிவாளம் போடுவது 1965ஆம் ஆண்டு விதிகளின்படி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அப்படியும் அது சுலபமாகக் கிடைக்கிறது.

முதுகைத் தொட்டுப் பார்க்கலாம் என்று தோள்மேட்டின் இரண்டு பக்கமும் விரலால் லேசாக அழுத்தினேன். தோல் வெடுக்கென்று சுருங்கியது, முதுகு கீழே இறங்கியது. சரி, சேணத்துக்கு அடியில் வெளுத்த பழைய வேட்டித் துண்டு ஒன்றை விரித்து, இருபது நிமிடம் கையால் பிடித்து நடத்திவிட்டுக் கழற்றிப் பார்த்தோம். துணி முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. தோள்மேட்டின் இரண்டு பக்கமும் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்தே கிடந்தது. அத்தனை அழுத்தம் விழும் இடத்தில் வேர்க்கவே செய்யாது. அகன்ற சேணம் முன்பக்கம் சரிந்து தோள்மேட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து அந்த இடங்களில் வெள்ளை முடி முளைத்தது. வெள்ளை முடி வந்தால், உள்ளே தோல் அடிபட்டுப் பல நாள் ஆயிற்று என்று பொருள்.

அதற்குள் அவன் வாங்கிய விலையில் பாதிக்குக் கொடுத்துவிட்டான். பின்னால் அதே பெட்டையை வேறு ஓர் ஊரில் வண்டியில் பார்த்தேன். முதுகில் சேணம் இல்லை, சாதாரணக் கடிவாளம், சின்னப் பையன் ஓட்டுகிறான், அது காதை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடுகிறது. அந்தக் குதிரையிடம் ஒரு குறையும் இருந்ததில்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு வேண்டாம். அடியில் துணி எதுவும் போடாமல் சேணத்தைக் கொஞ்சம் முன்னால் வைத்துப் பின்பக்கம் இழுத்து, தானாக உட்காரும் இடத்தில் விடுங்கள். தோள்பட்டை எலும்பு அசைய இடம் இருக்க வேண்டும். தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவில் ரெண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அந்த இடைவெளி இருக்கிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் பாதுகாப்பாகத் தள்ளி நின்று குனிந்து பார்த்தால், முதுகெலும்புக்கு மேலே அந்தப் பக்கத்து வெளிச்சம் நேராகத் தெரிய வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது. உள்ளங்கையை அடியில் விட்டு முன்னிருந்து பின்னாக நகர்த்துங்கள். எங்கும் இறுக்கியும் எங்கும் தூக்கியும் இருக்கக் கூடாது.

இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் உடனே மெத்தையாக இன்னொரு துணியைச் சேர்க்கிறார்கள். ஷூ கடிக்கிறது என்று இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்வது போலத்தான் அது. இறுக்கம் இன்னும் கூடும். அகலமான சேணத்துக்கு ஓரளவு துணி உதவும், குறுகலானதற்கு உதவவே உதவாது.

இன்னொன்றும் இருக்கிறது. சந்தையில் இருந்து இளைத்து வந்த குதிரை ரெண்டு மூன்று மாதத்தில் தேறிவிடும், முதுகின் வடிவமே மாறிவிடும். அன்று பொருந்திய சேணம் இன்று கடிக்கும். ஆகவே மறுபடியும் பாருங்கள். புண்பட்ட முதுகு ஆற வாரக்கணக்கில் ஓய்வு வேண்டும். ஆறிய பிறகும் அந்த வலியைக் குதிரை மறக்க மாதங்கள் ஆகும். அதுவரை வாரைத் தொட்டாலே அது காதைப் பின்னால் தள்ளும். அதற்கும் அடிக்காதீர்கள்.

முதுகு, வாய், பல், குளம்பு. நேற்று வரை செய்த வேலையை இன்று மறுக்கிற குதிரையிடம் இந்த நாலையும் பார்க்காமல் யாரும் சாட்டையை எடுக்கக் கூடாது. இதை நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டுச் சொல்வேன்.

மார்வாரிக் காதைத் தப்பாகப் படிப்பது

மார்வாரிக்கும், குஜராத் இனமான கத்தியவாரிக்கும் காது நுனி உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அது பிறவி அமைப்பு, கோபம் இல்லை. நுனியை விட்டுவிட்டு, காதின் அடி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பாருங்கள். மார்வாரிகளில் சில ரேவால் என்ற வழுக்கு நடை போடும். அதை நொண்டல் என்று பயந்து டாக்டரைக் கூப்பிட்டவர்களும் உண்டு.

முன்கால் தூக்கப் பழக்குவது

ஐயனார் கோயில் புரவி மாதிரி நிற்க வேண்டும், ரீல்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள். வேண்டாம். ஒரு முறை பழகினால், நினைத்தபோதெல்லாம் அது தூக்கும். மல்லாந்து உங்கள் மேலேயே விழும்.

கருவேல முள்

சிவகங்கைச் சீமையில் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கண்மாய்க்குள் சவாரிக்கு இடம் நன்றாக இருக்கும், மண் மெத்தென்று இருக்கும், ஆனால் சீமைக் கருவேல முள் எங்கும் கிடக்கும். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்று இருக்கும் பகுதியில் ஏறினால் வெளியே முனைகூடத் தெரியாது. போகும் முன்பும் வந்த பிறகும் நாலு காலையும் தூக்கிச் சுத்தம் செய்து விரலால் தடவிப் பாருங்கள். ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். டெட்டனஸ் மற்ற பிராணிகளைவிடக் குதிரையைச் சீக்கிரம் பிடிக்கும். கருவேலங்காயை நிறையத் தின்னவும் விடாதீர்கள். குடல் அடைத்துக்கொள்ளும்.

சித்திரை வெயிலில் பத்து மணிக்குச் சவாரி

எட்டு மணிக்குள் லாயத்துக்குத் திரும்பிவிடுங்கள்.

வந்த சூட்டிலேயே கல்யாண ஊர்வலத்துக்கு ஒத்துக்கொள்வது

உங்களிடம் குதிரை இருக்கிறது என்று தெரிந்தாலே மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்டு வருவார்கள். சொந்தக்காரர் வீடாக இருக்கும், மறுக்கக் கூச்சமாக இருக்கும். கொட்டு, நாகஸ்வரம், சரவெடி, ஜெனரேட்டர் விளக்கு, கூடவே ஆடும் கூட்டம் எல்லாம் ஒரே நேரத்தில் வரும். பழகிய குதிரையே திணறும். மேலே இருக்கும் மாப்பிள்ளை அன்றுதான் முதல் முறையாகக் குதிரை ஏறியிருப்பார். அதோடு, படம் எடுக்க வசதியாக முகப்புப் படி வரைக்கும் கொண்டு வாருங்கள் என்பார்கள். இரும்பு லாடம் போட்ட குளம்பு, தேய்ந்து வழவழத்த கற்படியிலும் ஆத்தங்குடிக் கல் தரையிலும் நிற்காது, வழுக்கும். அப்படி ஒரு காலடி தவறினால் குதிரையின் கால் போய்விடும், மாப்பிள்ளைக்கும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

ஒரு வருடம் கழித்துக் கேளுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அந்த வருடத்தில் தூரத்தில் கொட்டுச் சத்தம் கேட்கும் நாட்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை கூட்டிப் போய் நின்று, புல்லைக் கொடுத்துத் திரும்பி வாருங்கள். முடிந்தால் ஊர்வலம் கண்ட கிழட்டுக் குதிரை ஒன்றையும் பக்கத்தில் நிறுத்துங்கள்.