குழந்தையின் மூச்சை எண்ணுவது எப்படி? வார்டுக்குப் புதிதாக வரும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு

குழந்தைகள் பிரிவில் எனக்கு முதல் வாரம். மண்டபம் பக்கத்து மீனவக் கிராமத்திலிருந்து பத்து மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளாக இருமல். பதினைந்து வினாடி எண்ணினேன், 11 வந்தது. நான்கால் பெருக்கி 44 என்று ஓ.பி. சீட்டில் எழுதினேன். அந்த வயதுக்கு 50-ஐத் தொட்டால்தான் வேகமூச்சு. சாதாரணச் சளி என்று சிரப் எழுதப் போனேன். டியூட்டியில் இருந்த, மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. அக்கா, பிள்ளையை அம்மா மடியிலேயே விட்டு ஒரு நிமிடம் முழுசாக எண்ணினார். 56. நிமோனியா.

அதன்பிறகு ஜூனியர்கள் யார் வந்தாலும் முதலில் இதைத்தான் சொல்லித் தருகிறேன். ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில், தொடாமல் பாருங்கள். பிள்ளை உள்ளே வரும்போதே பார்வை தொடங்க வேண்டும். விழித்துப் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா? அப்புறம் அம்மாவிடம் மூன்று கேள்வி: பால் குடிக்கிறானா, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கிறானா, வலிப்பு வந்ததா? துவண்டு கிடந்தாலோ, இந்த மூன்றில் ஒன்று தவறாக இருந்தாலோ எண்ணிக்கொண்டு நிற்காமல் சீனியரைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, எண்ணுங்கள். நான் தடுக்கி விழுந்த இடம் இது.

பதினைந்து வினாடிக் கணக்கில் ஒரு மூச்சை விட்டுவிட்டால் நிமிடக் கணக்கில் நான்கு குறைந்துவிடும். 12 என்றால் 48, 13 என்றால் 52. நிமோனியாவா இல்லையா என்பது அந்த ஒரு மூச்சில் மாறிவிடுகிறது. அதனால் 60 வினாடியும் எண்ணியே ஆக வேண்டும். வெளியே எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் சரி.

சட்டையை மெதுவாக மேலே தூக்கிவிடச் சொல்லுங்கள். நெஞ்சும் வயிறும் சேருமிடத்தில் ஒரே புள்ளியைப் பாருங்கள். வயிறு ஒருமுறை எழுந்து அடங்கினால் ஒன்று. அழுதால் நிறுத்திவிட்டு, அடங்கிய பின் முதலிலிருந்து எண்ணுங்கள். பால் குடிக்கும்போது எண்ணாதீர்கள். மூக்கு அடைத்திருந்தால் சலைன் சொட்டு விட்டுத் துடைத்த பிறகு எண்ணுங்கள்.

கைக்கடிகாரம் எனக்குப் பிடிக்காது. முள்ளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு மூச்சு போய்விடும். போனில் ஒரு நிமிட டைமர் வைத்து, சத்தத்தை அணைத்து அதிர்வை மட்டும் விட்டுக் கோட் பையில் போட்டுவிடுங்கள். கண் வயிற்றை விட்டு நகராது.

வரம்புகள் இவை. இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணோ அதற்கு மேலோ வந்தால் வேகமூச்சு. காய்ச்சல் கொதித்தால் குறைந்தபின் இன்னொரு தடவை எண்ணலாம். முதல் எண்ணையும் நேரத்தோடு எழுதி வையுங்கள்.

மூன்றாவது, உள்ளிழுப்பு. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிய வேண்டும். அப்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி, கீழ் விலா எலும்புகளோடு உள்ளே குழிந்தால் அதுதான் உள்ளிழுப்பு. பிள்ளை அமைதியாக இருக்கும்போதும் விடாமல் தெரிந்தால் மட்டுமே கணக்கு. "வயிறு வெட்டி வெட்டி இழுக்குது தாயி, மாந்தமா இருக்குமோ?" என்று ஒரு பாட்டி என்னிடம் கேட்டார். மாந்தம் என்ற பெயரை விடுங்கள். அவர் பார்த்தது உள்ளிழுப்பைத்தான். எனக்கு முன்பே பார்த்துவிட்டார். வீட்டார் சொல்வதைச் சொன்னபடியே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

அப்புறம்தான் ஸ்டெதாஸ்கோப். தொண்டையும் காதும் கடைசி. வீசிங் கேட்டால் சீனியரிடம் சொல்லி, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் கொடுத்துவிட்டுத் திரும்ப எண்ணுங்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அலை சீராக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள். 90-க்குக் கீழே போனால் ஆபத்து.

வீட்டுக்கு அனுப்புகிறோம் என்றால் எப்போது திரும்பி வர வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தங்கச்சிமடத்திலிருந்தோ ராமேஸ்வரத்திலிருந்தோ வருபவர்களுக்குப் பாம்பன் பாலம்தான் சாலைவழி. ராமேஸ்வரத்திலிருந்து இங்கே ராமநாதபுரத்துக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். "முடியலைன்னா கூட்டிட்டு வாங்க" என்றால் விடியட்டும் என்று காத்திருப்பார்கள். "பால் குடிக்கலைன்னாலோ, மூச்சு இன்னும் வேகமானாலோ ராத்திரின்னு பார்க்காதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க" என்று சொல்லி, அவர்களையே திரும்பச் சொல்ல வையுங்கள்.

பின்சேர்க்கை 1: ஒரு மாதப் பிள்ளைக்கு முதலில் 64, அடுத்து 52 வந்ததாக ஒரு தம்பி கேட்டிருந்தார். இரண்டுமே சரியாக இருக்கலாம். சின்னப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் வேகமாக மூச்சுவிடும், சில வினாடி நிறுத்தும், மறுபடி தொடங்கும். அதனால்தான் இரண்டு மாதத்துக்குள் 60 வந்தால் இன்னொரு முழு நிமிடம் எண்ணச் சொல்கிறார்கள். இரண்டாவதும் 60-ஐத் தொட்டால்தான் வேகமூச்சு.

பின்சேர்க்கை 2: காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு பேர் கேட்டார்கள். கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஒரு வேளைக்கு. எட்டுக் கிலோ பிள்ளைக்கு 120. சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருந்தால் 5 மில்லி. 250 மில்லிகிராம் இருந்தால் ஏறக்குறைய இரண்டரை மில்லி. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருக்கும், அதனால் 1.2 மில்லிதான். "5 மில்லி" என்று மட்டும் எழுதி அனுப்பி, வீட்டில் சொட்டு மருந்து இருந்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். என்ன பாட்டில் இருக்கிறது என்று கேட்டு, டிராப்பரில் அந்தக் கோட்டை விரல் வைத்துக் காட்டி அனுப்புங்கள்.