பிடிகொடுக்காத புரதத்துக்கு மருந்து தேடுவது எப்படி: செல்லுக்குள் ஒரு ஆன்டிபாடி

சில புரதங்கள் எந்த மருந்துக்கும் லேசில் பிடிகொடுக்காது. பல புற்றுநோய்களில் கெட்டுப்போயிருக்கும் ராஸ் என்ற புரதம் அப்படித்தான்: மேற்பரப்பில் மருந்து மூலக்கூறு போய் உட்கார ஆழமான குழி கிடைப்பதில்லை, இருக்கிற ஒரே நல்ல குழியிலும் செல்லுக்குள்ளேயே இருக்கும் ஜிடிபி என்ற சின்ன மூலக்கூறு பைகோமோலார் பிடியில், அதாவது மிக இறுக்கமாக, உட்கார்ந்திருக்கிறது. ஆன்டிபாடிக்கு (நம் நோய் எதிர்ப்பு அமைப்பு உருவாக்கும் பற்றுப் புரதம்) குழி வேண்டாம், தட்டையான பரப்பையே பற்றிக்கொள்ளும். ஆனால் வெளியிலிருந்து செல்லுக்குள் தானாக நுழையாது. அதனால் அதை மருந்தாக நினைக்காமல், மருந்து எங்கே ஒட்ட வேண்டும் என்று வழி காட்டும் ஆளாக வைத்துக்கொள்ளுங்கள்.

முழு ஆன்டிபாடியை (எடை சுமார் 150 கிலோடால்டன்) முதலிலேயே ஒதுக்குங்கள். செல்லின் உட்திரவமான சைட்டோபிளாசத்தில், அதன் வடிவத்தைத் தாங்கும் டைசல்ஃபைட் பிணைப்புகள் சரியாக உருவாகாமல் அது கட்டிதட்டிப் போகும். 15 கிலோடால்டன் வாக்கில் இருக்கும் ஒற்றை டொமைன் துண்டு, அதாவது ஆன்டிபாடியின் பற்றும் பகுதியில் ஒரு சின்னத் துண்டு, போதும். சோதனைக்குழாயில் ஒட்டியது செல்லுக்குள்ளும் ஒட்டும் என்று நம்பிவிடாமல், ஈஸ்ட் டூ-ஹைப்ரிட் (இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று ஈஸ்ட் செல்லுக்குள் பார்ப்பது) போன்ற முறையில் உயிருள்ள செல்லிலேயே சலித்தெடுங்கள்.

அப்புறம் அந்தத் துண்டின் ஜீனை நோய்ச் செல்லில் புகுத்திப் பாருங்கள். வளர்ச்சி நிற்கிறதா? துண்டு புரதத்தை நன்றாகப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் அந்த இடத்துக்கு மருந்து தேடுவதே வீண், எவ்வளவு செலவு மிச்சம்!

நின்றால் மூலக்கூறு வேட்டை. புரதத்தை எஸ்பிஆர் சிப்பில் (எது ஒட்டுகிறது என்று ஒளியால் காட்டும் சிப்) பதித்து, சின்னச் சின்ன மூலக்கூறுகளை ஓடவிடுங்கள். வெறும் புரதத்தில் ஒட்டி, ஆன்டிபாடி மூடிய புரதத்தில் ஒட்டாதவைதான் நமக்கு வேண்டும். ராஸுக்கு ஏபிடி-7 என்ற மூலக்கூறு இந்த வழியில் வந்ததுதான், 2018-ல் வெளியானது. ஆரம்பத்தில் கிடைப்பவை பலவீனமாகவே ஒட்டும், சலித்துக்கொள்ள வேண்டாம். புரதப் படிகத்தில் ஊறவைத்து எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்து, வேதியியல்காரர்களை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தெடுக்க வேண்டும்.

பலர் சறுக்குவது கடைசியில், செல்லுக்குள் பிரெட் சோதனையில் மூலக்கூறையும் ஆன்டிபாடியையும் மோதவிடும்போதுதான். புரதமும் ஆன்டிபாடியும் ஒட்டியிருந்தால் லூசிஃபெரேஸ் என்ற ஒளி தரும் என்சைம் வழியாக சிக்னல் வரும், பிரிந்தால் குறையும். நானோமோலாரில் (இறுக்கமாக) பிடித்த ஆன்டிபாடியை, மைக்ரோமோலாரில் (ஆயிரம் மடங்கு வரை தளர்வாக) ஒட்டும் மூலக்கூறு எப்படித் தள்ளும்? ஒன்றிரண்டு அமினோ அமிலங்களை மாற்றி ஆன்டிபாடியின் பிடியை வேண்டுமென்றே தளர்த்திக்கொள்ளுங்கள். சிக்னல் குறைந்ததும் கொண்டாட வேண்டாம். மூலக்கூறு லூசிஃபெரேஸையே கெடுத்திருக்கலாம், செல்லைக் கொன்றிருக்கலாம். சம்பந்தமில்லாத வேறொரு புரத ஜோடியிலும் அதே மூலக்கூறைப் போடுங்கள். அங்கேயும் குறைந்தால், சரி, அடுத்த மூலக்கூறை எடுங்கள்.