ஆன்லைன் பட்டம்: 'அங்கீகாரம் பெற்றது' என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

வேலைக்கு விண்ணப்பிப்பவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் தொழில். போலி என்று தெரிந்தே பட்டம் வாங்கியவர்களைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நம்பிச் சேர்ந்து, கட்டணம் கட்டி, இரவில் கண்விழித்து அசைன்மென்ட் எழுதி, கடைசியில் அந்தப் பட்டம் செல்லாது என்று என் வாயால் கேட்கிறவர்களை நினைத்தால்தான் மனசு ஆறுவதில்லை. "பத்து நாளில் பட்டம்" என்ற விளம்பரத்தை நம்பக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால், விவரம் தெரிந்தவர்களே விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே அங்கீகாரத்தைச் சரிபார்ப்பது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்னமும் கோபம் வருகிறது. "அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று கேட்டால், "பார்த்தேன்" என்கிறார்கள். எங்கே பார்த்தார்கள்? அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில். அதில் அங்கீகார அமைப்பு ஒன்றின் முத்திரை இருக்கிறது. அதைச் சொடுக்கினால் அந்த அமைப்பின் தளம் திறக்கிறது, அங்கே பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கிறது. அதோடு திருப்தியாகிப் பணம் கட்டிவிடுகிறார்கள். இரண்டு தளங்களையும் ஒரே ஆள் நடத்தலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இது கற்பனை இல்லை. கராச்சியிலிருந்து இயங்கிய ஆக்சாக்ட் நிறுவனத்தைப் பற்றி 2015 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் எழுதியபோது, அதோடு தொடர்புடைய தளங்கள் குறைந்தது 370 என்று கண்டது. அவற்றில் போலிப் பல்கலைக்கழகங்கள் மட்டுமா இருந்தன? அவற்றுக்கு அங்கீகாரம் தரும் போலி அமைப்புகளும் கூடவே இருந்தன. கூகுளில் தேடிச் சரிபார்க்கிறவர் எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் கட்டிவைத்த தளத்திலேயே போய் நிற்பார்.

என்னிடம் வந்த ஒரு பெண், மேலாண்மையில் முதுகலைப் பட்டம் என்று ஒன்றை வைத்திருந்தார். சேர்வதற்கு முன் அந்த அங்கீகார அமைப்புக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டிருக்கிறார். அன்றைக்கே பதில் வந்திருக்கிறது, கடிதத் தாளில், கையெழுத்தோடு. அதைப் பத்திரமாக அச்செடுத்தும் வைத்திருந்தார். அந்த அமைப்பு அங்கீகரித்ததாகச் சொன்ன பல்கலைக்கழகங்களில் ஒன்றைக்கூட எந்த நாட்டு அரசுப் பட்டியலிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் அலட்சியமாக இருக்கவில்லை. ஏமாற்றியவர்களிடமே போய் விசாரித்திருக்கிறார், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் அரசு நேரடியாகப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிப்பதில்லை. அங்கீகரிக்கும் அமைப்புகளுக்குத்தான் அது அங்கீகாரம் தருகிறது. இந்த இடைவெளிக்குள்தான் கண்டவர்களும் ஓர் அமைப்பைத் தொடங்கி, 'உலக', 'சர்வதேச' என்று பெயர் வைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள். யுனெஸ்கோ அங்கீகாரம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்தையும் அங்கீகரிப்பதில்லை.

ஆகவே தேடலை மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். பல்கலைக்கழகம் எந்த நாட்டில் இருப்பதாகச் சொல்கிறதோ, அந்த நாட்டு அரசின் பட்டியலை நீங்களே முகவரி தட்டித் திறந்து பாருங்கள். அமெரிக்கா என்றால் கல்வித் துறையின் தரவுத்தளமும், அரசு சாராத, சீயா (CHEA) எனப்படும் உயர்கல்வி அங்கீகாரக் கவுன்சிலின் பட்டியலும் இருக்கின்றன. பிரிட்டனில் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனங்களின் பட்டியலை அரசே வெளியிடுகிறது. இந்தியாவில் யு.ஜி.சி. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையே தனியாக வெளியிடுகிறது. அதோடு, ஆன்லைன் வழிப் படிப்புக்கு அங்கே தனி அனுமதி வேண்டும். அப்புறம் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். புகழ்பெற்ற பெயரில் ஒரு சொல்லைக் கூட்டியோ குறைத்தோ வைப்பது இவர்களின் பழைய வழக்கம்.

ஏதோ ஒரு நாட்டு அரசின் கடிதத்தைக் காட்டினாலும் அவசரப்படாதீர்கள். செயின்ட் ரெஜிஸ் பல்கலைக்கழகம் என்று ஒன்று, லைபீரிய அரசின் அங்கீகாரம் இருப்பதாகச் சொல்லிப் பட்டங்களை விற்றது. நடத்தியவர்கள் இருந்ததோ அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். லைபீரிய அதிகாரிகளுக்கு லஞ்சம் போனது வழக்கில் வெளிவந்தது, 2008-இல் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது.

அப்போஸ்டில் இருந்தால் பட்டம் உண்மை என்று நினைப்பது

அப்போஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணத்தை வேறு நாட்டில் காட்டுவதற்காக 1961 ஹேக் உடன்படிக்கைப்படி தரப்படும் சான்று. அது, ஆவணத்தில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டுமே சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது உண்மையா என்று அது பார்ப்பதில்லை. போலிப் பட்டத்தின் நகலில் ஒரு நோட்டரி கையெழுத்திட்டால், அந்த நோட்டரியின் கையெழுத்துக்குத்தான் சான்று கிடைக்கிறது. இந்த முத்திரைக்கென்று பட்டம் விற்பவர்கள் தனியாகப் பெரிய தொகை கேட்டு வாங்குகிறார்கள்.

டாட் இடியு முகவரியே போதும் என்பது

போதாது. .edu என்று முடியும் இணையதள முகவரியைத் தருவதற்கான விதி 2001-க்குப் பிறகு கடுமையானது, ஆனால் அதற்கு முன் முகவரி வாங்கியவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அனுபவத்துக்கே முழுப் பட்டம்

நல்ல பல்கலைக்கழகங்களும் முன் அனுபவத்துக்கு கிரெடிட், அதாவது பட்டத்துக்குத் தேவையான புள்ளிகள், தருகின்றன. ஆனால் சோதித்துப் பார்த்து, படிப்பின் ஒரு பகுதிக்கு மட்டும் தருகின்றன. ட்ரினிட்டி சதர்ன் பல்கலைக்கழகம் 2004-இல் கோல்பி நோலன் என்பவருக்கு எம்.பி.ஏ. பட்டம் கொடுத்தது. கோல்பி ஒரு பூனை. பென்சில்வேனியா மாநில விசாரணையாளர்கள்தான் பூனையின் பெயரில் பணி அனுபவம் எழுதி விண்ணப்பித்திருந்தார்கள்.

கம்பெனிப் பதிவை அங்கீகாரமாக எடுத்துக்கொள்வது

அது வியாபாரம் செய்ய மட்டுமே அனுமதி.

ஏமாந்த பிறகும் அவர்களோடு பேசிக்கொண்டிருப்பது

பட்டம் வாங்கியவர்களின் பட்டியல் அவர்கள் கையில்தான் இருக்கிறது. சில மாதம் கழித்து, அரசு அதிகாரி பேசுவதாகச் சொல்லி ஓர் அழைப்பு வரும். பட்டத்தைச் சட்டப்படி பதிவு செய்ய இவ்வளவு கட்டு, இல்லையென்றால் கைது என்பார்கள். ஆக்சாக்ட் விவகாரத்திலும் இப்படி மிரட்டிப் பணம் பறித்தது வெளியானது. முதலில் கட்டியதைவிடப் பல மடங்கு இதில் இழந்தவர்கள் உண்டு. பயந்து ஒரு பைசாவும் கட்டாதீர்கள். அழைப்பைத் துண்டித்துவிட்டு, எண்ணையும் ரசீதுகளையும் சேர்த்துவைத்துக் காவல்துறையில் புகார் கொடுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் அன்றே ஆட்சேபம் தெரிவியுங்கள், அதற்குக் காலக்கெடு உண்டு. அப்படியே அந்தப் பட்டத்தை உங்கள் பயோடேட்டாவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஏமாற்றப்பட்டவர் என்பது சரிபார்க்கிறவருக்குத் தெரியாது.